கண்ணில் பூ விழுந்தால் என்ன மருந்து? ஆடு, மாடு, நாய், கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கால்நடை ஆய்வாளராக நாங்குநேரி, களக்காடு, ராதாபுரம் பக்கமே பெரும்பாலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத்தான் ஓய்வு, போனுக்கு இல்லை. காய்ச்சல், கழிச்சல் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். கண் என்றால் மட்டும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "என்ன மருந்து வாங்கட்டும்?" என்று கேட்கிறார்கள். போட்டோவைப் பார்த்துக் கண்ணுக்கு மருந்து சொல்ல முடியாது. ஏன் முடியாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டாக்டர் பக்கத்தில் நின்று மாட்டின் தலையைப் பிடித்தவன். அதனால் மருந்தின் அளவு எதையும் இதில் தேடாதீர்கள்.

"அண்ணாச்சி, பசுவுக்கு ஒரு கண்ணுல தண்ணியா வடியுது. தீனி எல்லாம் எடுக்கு. ரெண்டு நாள் பாப்போமா?"

கண்ணைத் திறந்து வைத்திருக்கிறதா, இடுக்கிக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்திருந்து, தெளிந்த நீராக வடிந்தால் வெறும் தூசியாக இருக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீரிலோ சலைனிலோ கண்ணைக் கழுவிவிட்டு மறுநாள் காலை வரை பொறுக்கலாம். இடுக்கிக்கொண்டிருந்தால் கண் வலிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே காட்ட வேண்டும். தீனி எடுக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், கண் அழுகும்போதுகூட மாடு தீனி எடுக்கும்.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்பதையும் கவனியுங்கள். ஒன்று மட்டும் என்றால் முள், உமி, அடி, புழு என்று யோசனை போகும். இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் தொற்று, சத்துக் குறைவு, உடம்பில் வேறு நோய் என்று தேட வேண்டியிருக்கும்.

"வீட்டுல வெச்சுக் கண்ணைப் பாக்கது எப்படி? தொடவே விட மாட்டேங்குது."

வெயிலில் நிறுத்திப் பார்க்காதீர்கள். நோய்க் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது, இன்னும் இறுக்கி மூடும். தொழுவ நிழலில் கட்டி, ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் பளபளப்புதான் தெரியும். சாய்த்து அடித்தால் சின்னக் கீறலும் தெரியும். மேல் ரெப்பையைக் கட்டைவிரலால் தூக்குங்கள், கீழ் ரெப்பையை இழுத்துப் பாருங்கள். மூக்கோரத்தில் மூன்றாவதாக ஒரு இமை உண்டு, அதற்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். பிசானம் அறுத்து வைக்கோல் படப்பு போடும் மாசி, பங்குனியில் உமி போய் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். களக்காடு பக்கம் ஒரு கிடாரிக்கு மூன்று நாளாக மூன்று மருந்து ஊற்றியிருந்தார்கள். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தபோது வந்தது ஒரே ஒரு நெல் உமி. மறுநாள் கண்ணைத் திறந்துவிட்டது.

பார்வை இருக்கிறதா என்று தெரிய, ஒரு கண்ணைத் துணியால் மறைத்துவிட்டு மற்றக் கண்ணுக்கு முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைக் கீழே போடுங்கள். அது விழும் பக்கம் தலை திரும்பினால் பார்வை இருக்கிறது. கையை வீசிப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், பார்வையே இல்லாத கண்ணும் காற்றுப் பட்டால் இமைக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். உடைமுள்ளோ பனங்கருக்கின் சிம்போ கருவிழியில் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். பாட்டிலுக்கு மூடி மாதிரி அது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியே ஏற்றிக்கொண்டு போங்கள்.

"கண்ணுல பூ விழுந்துட்டு. பூவுக்கு என்ன மருந்து?"

எனக்கு வரும் போன்களில் மிக அதிகமானது இந்தக் கேள்வி. பூ என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் பகுதியைத்தான் கருவிழி என்கிறோம். அதற்குச் சொந்த நிறம் கிடையாது, பின்னால் இருக்கும் கருமைதான் தெரிகிறது. அந்தக் கண்ணாடிக்கு எந்தக் கேடு வந்தாலும் வெள்ளையாகத்தான் காட்டும். புண் வந்தாலும் வெள்ளை, புண் ஆறிய தழும்பும் வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நீர் கோத்தாலும், உள்ளே அழற்சி வந்தாலும் அப்படித்தான். இவை எதுவுமே இல்லாமல், உள்ளே இருக்கும் லென்ஸ் வெளுத்தால் அது கண்புரை. எல்லாவற்றையும் நாம் பூ என்கிறோம். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெள்ளை மேற்பரப்பிலேயே ஒட்டியிருந்தால் கருவிழியில் கேடு. மேற்பரப்பு தெளிவாக இருந்து, நடுவில் இருக்கும் பாப்பாவுக்குள் வெள்ளை தெரிந்தால் புரை. பல மாதமாக ஒரே அளவில் இருக்கிறது, நீர் வடியவில்லை, கண் கூசவில்லை என்றால் பழைய தழும்பு. அதற்கு மருந்து வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

"டாக்டர் ஏதோ மஞ்சத் தாளைக் கண்ணுல ஒத்துனாவ, கண்ணு பச்சையாயிட்டு. அது மருந்தா?"

மருந்து இல்லை, அது சோதனை. ஃபுளோரசீன் என்ற சாயம் தடவிய தாள். கருவிழியின் மேல்தோல் முழுதாக இருந்தால் சாயம் ஒட்டாமல் கழுவிக்கொண்டு போய்விடும். எங்கே தோல் உரிந்து புண் இருக்கிறதோ அங்கே மட்டும் பச்சையாகப் பிடித்துக்கொள்ளும். நீல விளக்கில் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். சாயம் தானாகப் போய்விடும், பயப்பட வேண்டாம். மூக்கு வழியாகவும் கொஞ்சம் பச்சை ஒழுகும். கண்ணீர்க் குழாய் அடைக்காமல் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நுணுக்கமான விஷயம் ஒன்று உண்டு. சில புண்ணில் சுற்றிலும் வளையமாகப் பச்சை பிடிக்கும், நடுவில் பிடிக்காது. நடுவில் ஆறிவிட்டது என்று நினைத்தால் தப்பு. புண் அவ்வளவு ஆழமாகப் போய், கடைசிச் சவ்வு மட்டும் மிச்சம் இருக்கிறது, அது சாயம் பிடிக்காது. எந்த நேரமும் உடையக்கூடிய கண் அது. வண்டியில் ஏற்றும்போதுகூடக் கழுத்தில் கயிறு இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"போன வருசம் வாங்கின சொட்டு மருந்து மிச்சம் கெடக்கு. அதையே ஊத்தலாமா?"

கூடாது. பாட்டிலில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பு வற்றும், வலி குறையும், மாடு கண்ணைத் திறக்கும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் புண் இருக்கிற கண்ணில் விட்டால் அது ஆறுவதைத் தடுத்து, கிருமிக்கு வழிவிட்டு, கருவிழியைக் கூழாக்கிவிடும். அதனால்தான் சாயம் வைத்துப் பார்க்காமல் மருந்து சொல்லக் கூடாது என்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். அப்படித் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திசையன்விளை பக்கம் ஒரு வீட்டில் சிப்பிப்பாறை நாய்க்குக் கண் சிவந்திருந்தது. தேரி மண் விழுந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு பையில் இருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் "நல்லாயிட்டு சார்" என்றார்கள். ஐந்தாம் நாள் கண் உடைந்து, உள்ளே இருந்தது வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பூனை கீறிய புண் அது, நான் ரெப்பையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டு ஆச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

இன்னொன்று, ஸ்டீராய்டு இல்லாத மருந்தானாலும் திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

"எங்க தாத்தா புகையிலையை மென்னு துப்புவாரு, பூ கரைஞ்சுரும். நீங்க என்னமோ சொல்லுதீய?"

உப்புக்கல், புகையிலைச் சாறு, எருக்கம்பால், சர்க்கரைப் பொடி என்று நம் ஊரில் ஊற்றாதது இல்லை. தாத்தா பொய் சொல்லவில்லை. மேலோட்டமான கீறல் எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். புகையிலை ஊற்றியும் ஆறினால் பெயர் புகையிலைக்குப் போகும். ஆறாமல் கண் போனால் "அது விதி" என்போம். எருக்கம்பால் நல்ல கண்ணையே வெந்துபோகச் செய்யும், மனிதக் கண்ணுக்கும் அப்படித்தான். துப்புவதில் வாயில் இருக்கும் கிருமியும் சேர்ந்து புண்ணுக்குள் போகிறது.

நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்மேல் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். மூடிய இமைமேல் குளிர்ச்சிக்காக வைத்தால் கெடுதல் இல்லை. சாறு பிழிந்து உள்ளே விட வேண்டாம். டாக்டர் வரும்வரை சுத்தமான தண்ணீர் போதும்.

"ஆடிக் காத்து அடிச்சா போதும், வரிசையா எல்லா மாட்டுக்கும் கண்ணு வெளுக்கு. ஏன்?"

பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றுக்குக் காற்றாலை சுற்றுவது சரி, மாட்டின் கண் என்ன செய்யும்? மண்ணும் வெயிலும் கருவிழியை உரசி வைக்கும். அப்புறம் ஈ வரும். ஒரு மாட்டின் கண்ணீரைக் குடித்த ஈ அடுத்த மாட்டின் கண்ணில் உட்காரும்போது மொராக்செல்லா என்ற கிருமியை இறக்கிவிடுகிறது. முதலில் ஒரு கண்ணில் நீர் வடியும், கூசும். இரண்டொரு நாளில் கருவிழி நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி தெரியும், அப்புறம் கண் முழுக்கப் பரவும். ஓரத்திலிருந்து சிவப்பு நரம்புகள் நடுவை நோக்கி ஊர்ந்து வரும். அதைப் பார்த்துப் பயந்து போன் செய்வார்கள். உண்மையில் அது உடம்பு புண்ணை ஆற்ற அனுப்புகிற ரத்தம். முழுதாகத் தெளிய மூன்று, நான்கு வாரம் ஆகும். கன்றுகளுக்கும் ஜெர்சி, எச்.எஃப் கலப்பு மாடுகளுக்கும்தான் அதிகம் வரும், நாட்டு மாடு ஓரளவு தாங்கும்.

ஆரம்பத்திலேயே காட்டினால் டாக்டர் நீண்ட நேரம் வேலை செய்யும் டெட்ராசைக்ளின் ஊசி போடுவார், ஒரு ஆயின்மென்டும் தருவார். ஆயின்மென்டை ஒரு நாளைக்கு ஒரு தடவை தடவிவிட்டு "கேக்கல" என்று சொன்னால் அது மருந்தின் குற்றம் இல்லை. கண்ணீர் கழுவிக்கொண்டே இருக்கும், மூன்று நான்கு தடவையாவது போட வேண்டும். நோய் மாட்டைத் தனியாக நிழலில் கட்டுங்கள், பச்சை மாட்டை, அதாவது நோய் வராததை, முதலில் கவனித்துவிட்டு நோய் மாட்டிடம் கடைசியாகப் போங்கள். சாணக் குழியைத் தொழுவத்திலிருந்து தள்ளி வைத்தால் ஈ பாதி குறையும். ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு, அத்தனை நாளும் விற்காதீர்கள்.

"ஊசியைக் கண்ணுக்குள்ளயா குத்துவாங்க? பாக்கவே பயமா இருக்கு."

கண்ணுக்குள் இல்லை. கண்ணின் வெள்ளை மேல் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அதற்கு அடியில் மெல்லிய ஊசியால் கொஞ்சம் மருந்தை விடுவார்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டுவிட்டுத்தான் செய்வார்கள். உங்கள் வேலை தலையை ஆடாமல் பிடிப்பது மட்டும்.

"கிடையில இருபது முப்பது ஆட்டுக்குக் கண்ணு ஒட்டிக்கிட்டு. சந்தையில வாங்கின ஆடு வந்த பெறகுதான்."

சந்தேகம் சரிதான். செம்மறி, வெள்ளாட்டுக்கு வருவது மாட்டுக்குச் சொன்ன அதே கிருமி இல்லை, பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா வகை. ஈ மட்டும் இல்லை, ஒரே தொட்டியில் முகத்தை முகம் உரசித் தின்றாலே பரவும். கண் தெளிந்த பிறகும் சில ஆடு மாதக்கணக்கில் கிருமியை வைத்திருக்கும். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் வாங்கி அன்று ராத்திரியே கிடையில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பெரும்பாலானவை பிழைத்துப் பார்வையும் திரும்பும். ஆனால் கண் தெரியாத அந்தப் பத்து நாளில்தான் ஆடு சாகிறது. மேய்ச்சலுக்கு ஓட்டினால் பின்தங்கிக் கிணற்றில் விழும், உடங்காட்டில் மாட்டிக்கொள்ளும், தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடம் தெரியாமல் காயும். கண் மூடிய ஆடுகளைப் பட்டியிலேயே நிறுத்தி, தழையும் தண்ணீரும் வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள்.

பிறந்து ஓரிரு நாளான குட்டிக்கு மட்டும் கண் வடிந்தால் கீழ் ரெப்பையைப் பாருங்கள். சில குட்டிக்கு ரெப்பை உள்பக்கம் மடிந்து, மயிர் கருவிழியைக் குத்திக்கொண்டிருக்கும். விரலால் வெளியே உருட்டி விடுங்கள். திரும்பத் திரும்ப மடிந்தால் டாக்டர் ஒரு தையலில் சரிசெய்வார்.

"கண்ணுக்குள்ள வெள்ளை நூல் மாதிரி ஒண்ணு நெளியுது. வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தேன், நன்றாகவே நெளிகிறது. இதில் இரண்டு வகை உண்டு. கண்ணின் மேலேயே, மூன்றாவது இமைக்கு அடியிலிருந்து வந்து வந்து போனால் அது தெலாசியா. ஈ கொண்டுவருவது, ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டு, இடுக்கியால் எடுத்துவிடலாம், கூட ஒரு புழு மருந்தும் கொடுப்பார்கள்.

கருவிழிக்குப் பின்னால், உள்ளே இருக்கும் நீரில் மீன் மாதிரி நீந்தினால் அது செட்டாரியா. மாட்டின் வயிற்றறையில் சும்மா கிடக்கிற புழு இது, கொசு வழியாகக் குதிரைக்கோ ஆட்டுக்கோ போனால் வழி தவறிக் கண்ணுக்குள் வந்துவிடும், சில சமயம் மாட்டுக்கே வரும். இதை மேலிருந்து எடுக்க முடியாது. கருவிழி ஓரத்தில் சின்னதாகக் கீறினால் நீரோடு புழுவும் வெளியே வரும். ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி அறுவை வசதி இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். தாமதித்தால் புழு செத்து உள்ளேயே அழற்சி கிளப்பிவிடும்.

"கன்னுக்குட்டி பகல்ல நல்லா இருக்கு. விளக்கு வைக்கிற நேரம் ஆனா செவத்துல முட்டுது."

மாலைக்கண். வைட்டமின் ஏ குறைவு. மழை பொய்த்த வருடம் வெறும் வைக்கோலையே போட்டு வளர்த்தால் வரும், வைக்கோலில் இந்தச் சத்து இல்லை என்றே சொல்லலாம். வளர்ந்த மாடு ஈரலில் சேர்த்து வைத்ததை வைத்து மாதக்கணக்கில் ஓட்டிவிடும், கன்றுக்குட்டிக்குச் சேமிப்பு கிடையாது. சீம்பாலைக் கறந்து விற்றுவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும். ஊசி போட்டு, அகத்தி, முருங்கை, பச்சைப் புல் கொடுத்தால் திரும்பிவிடும். ஆனால் சினைமாட்டுக்கே நீண்ட நாள் சத்து இல்லாமல், கன்று குருடாகப் பிறந்தால் திரும்பாது. பார்வை நரம்பு எலும்புத் துளையில் நசுங்கிப்போயிருக்கும்.

ராத்திரி மட்டும் இல்லாமல், திடீரென்று பகலிலும் கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றால் அது கண் நோய் இல்லை, மூளைக் கோளாறு. பழைய பேட்டரியை நக்கி ஈயம் ஏறினாலும், தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்தாலும் இப்படி வரும். 1962-க்குப் போன் செய்து நடமாடும் மருத்துவ ஊர்தியை உடனே வரச் சொல்லுங்கள்.

"கண் ஓரத்துல சதை வளருது. சுண்ணாம்பு வெச்சா உதுருமா?"

சுண்ணாம்பு வைத்தால் கண்தான் உதிரும். மூன்றாவது இமையிலோ கருவிழி விளிம்பிலோ காலிஃப்ளவர் மாதிரி சொரசொரப்பாக, தொட்டால் ரத்தம் வரும் சதை வளர்ந்தால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். வெயில் ஒரு காரணம், இமை வெளுத்த மாடுகளுக்கு அதிகம் வரும். பட்டாணி அளவில் காட்டினால் அந்தச் சதையோடு வெட்டி எடுத்து மாட்டைக் காப்பாற்றிவிடலாம். எலுமிச்சை அளவில் வந்தால் கண்ணையே எடுக்க வேண்டும். காதுக்குக் கீழே நெறி கட்டிவிட்டால் அப்புறம் செய்வதற்கு அதிகம் இல்லை.

"நாய்க்குட்டிக்கு மூக்கோரமா கண்ணுல செவப்பா ஒரு உருண்டை. இதுவும் புற்றுநோயா?"

இல்லை. மூன்றாவது இமைக்கு அடியில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி வெளியே பிதுங்கியிருக்கிறது. பீகிள், லாசா, புல்டாக் குட்டிகளுக்கு அடிக்கடி வரும். வெட்டி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணீரில் ஒரு நல்ல பங்கு அதிலிருந்து வருகிறது. வெட்டினால் பிற்காலத்தில் கண் வறண்டுபோகும். உள்ளே தள்ளிப் பை மாதிரி தைத்துவிடுவதுதான் சரியான வைத்தியம்.

"தெரு நாய் கடிச்சு எங்க பக் நாய்க்குக் கண்ணு வெளிய வந்துட்டு! என்ன செய்ய?"

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியைக் கண்மேல் போட்டு, காயாமல் வைத்திருங்கள். உள்ளே அமுக்காதீர்கள், நாயைக் காலால் பிறாண்ட விடாதீர்கள். சில மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து உள்ளே வைத்து இமையைத் தைத்தால் கண்ணாவது நிற்கும், சில சமயம் பார்வையும் நிற்கும்.

"தினமும் பச்சையா பீளை. நாலு ஆயின்மென்ட் மாத்தியாச்சு, போட்டா நிக்குது, விட்டா வருது."

நான்கு ஆயின்மென்டும் கிருமிக்கானவை. கண்ணில் கண்ணீரே சுரக்காமல் இருக்கலாம். ஒரு அளவுத் தாளைக் கீழ் ரெப்பையில் சொருகி ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். நாய்க்கு 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சரி, 10-க்குக் கீழே என்றால் வறட்சி. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்க்கும், சல்ஃபா மருந்து நீண்ட நாள் சாப்பிட்டதற்கும் வரும். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து சுரப்பியை மறுபடி வேலை செய்ய வைக்கும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போட வேண்டும். இந்தத் தாளை முதலில் வைத்துவிட்டுத்தான் பச்சைச் சாயம் வைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் அளவு தப்பாக வரும்.

"ஸ்டீராய்டு கூடாதுன்னு நீங்க சொன்னிய. எங்க நாய்க்கு டாக்டர் அதைத்தான் எழுதியிருக்காவ. யாரை நம்ப?"

டாக்டரை நம்புங்கள். புண் இருந்தால் கூடாது என்றுதான் சொன்னேன். உங்கள் நாய்க்குச் சாயம் வைத்துப் பார்த்துப் புண் இல்லை என்று உறுதி செய்திருப்பார். நம் ஊரில் உண்ணி நிறைய, அது எர்லிக்கியா என்ற ரத்த நோயைக் கொண்டுவரும். அதில் கண்ணின் உள்ளே அழற்சி வந்து, நீலம் பாய்ந்து, சில சமயம் ரத்தமே தேங்கி நிற்கும். அந்த அழற்சியை அடக்கச் சொட்டு ஸ்டீராய்டு வேண்டும், கூடவே ரத்த நோய்க்கு மாத்திரை வேண்டும். கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டு மாத்திரையை நிறுத்திவிட்டால் கண் போகும், நாயும் போகும். சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயிலும் இதே மாதிரி கண் நீலமாகும். ரத்தப் பரிசோதனை எழுதினால், "கண்ணுக்கு எதுக்கு ரத்தம்?" என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள்.

"பன்னெண்டு வயசு நாய். கண்ணு நீலமா மங்கிட்டு. ஆபரேசன் பண்ணலாமா?"

வயதான நாய்க்கு லென்ஸ் இறுகி நீலப் புகை மாதிரி தெரியும். ஏழெட்டு வயதிலேயே ஆரம்பிக்கும். அதில் பார்வை போகாது, ஒன்றும் செய்ய வேண்டாம். பஞ்சு உருண்டைச் சோதனையைச் செய்து பாருங்கள். பால் மாதிரி வெளுத்து, தட்டுத் தடுமாறினால் புரை. சில மாதத்துக்குள் இரண்டு கண்ணும் வெளுத்து, தண்ணீரும் நிறையக் குடித்தால் முதலில் சர்க்கரை பாருங்கள். புரையைச் சொட்டு மருந்து கரைக்காது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். அறுவை சிகிச்சை சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் செய்கிறார்கள். விழித்திரை நன்றாக இருந்தால்தான் பலன்.

மங்கலோடு கண் சிவந்து, பெரிதாகி, பாப்பா விரிந்து நின்றால் அது வேறு, கண் அழுத்தம். நாய்க்கு 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டிய அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஓரிரு நாளில் பார்வை நரம்பு செத்துவிடும். ராத்திரி என்றும் பார்க்காமல் கொண்டு போங்கள்.

"கோழிக்கு மூஞ்சி வீங்கிக் கண்ணு மூடிட்டு. மனுசக் கண்ணுக்கும் ஒட்டுமா?"

முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி இருந்தால் கொரைசா. கொண்டையிலும் ரெப்பையிலும் கரிய பொருக்கு இருந்தால் அம்மை. இதைக் கொசு பரப்பும், தடுப்பூசி உண்டு. ரெப்பைக்கு அடியில் தயிர்க்கட்டி மாதிரி இருந்தால் வைட்டமின் ஏ. கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்கள் கண்ணே எரிந்தால் அமோனியா, மருந்து வேண்டாம், குப்பையை அள்ளுங்கள். கோழிக் கண்ணுக்கும் ஒரு புழு உண்டு. கரப்பான்பூச்சியைக் கொத்தித் தின்றால் வரும்.

இவை நமக்கு ஒட்டாது. மெட்ராஸ் ஐ மனிதனுக்கு மனிதன் பரவுவது, மாட்டின் மேல் பழி போட வேண்டாம். ஆடு, பூனையின் கிளமிடியா மட்டும் அபூர்வமாக மனிதக் கண்ணுக்கு வரலாம். மருந்து போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

"கண்ணை எடுத்தாச்சு. ஒத்தைக் கண் மாட்டைச் சந்தையில பாதி விலைக்குக் கேக்காங்க. வித்துரவா?"

பாலுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அடிபட்டுப் போன கண் கன்றுக்கும் வராது. தையல் பிரித்து இரண்டு வாரத்தில் பழகிவிடும். கறக்கும்போது தெரிகிற கண்ணின் பக்கமிருந்து போங்கள், போகும்போதே குரல் கொடுங்கள். தெரியாத பக்கமாகப் போய்த் திடீரென்று கை வைத்தால் உதைக்கும். தொட்டியை இடம் மாற்றாதீர்கள். கட்டும்போது தெரியாத கண் சுவர்ப் பக்கம் இருக்கட்டும், அடுத்த மாட்டின் கொம்பு நல்ல கண்ணுக்கு எட்டாத தூரத்தில் முளையை அடியுங்கள்.